அலகு குத்த மறுத்தவர்

ஆறு வருடங்களுக்கு முன்பு, தெல்தோட்டைப் பக்கம், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கட்டிய எங்கள் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. அதற்கு முந்தைய வருடம்தான் கண்டியில் என் நெஞ்சைத் திறந்து, இதயத்தில் பழுதான வால்வை எடுத்துவிட்டுப் புதிது வைத்திருந்தார்கள். பிழைத்து எழுந்தால் முருகனுக்கு நாக்கில் அலகு குத்துவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நேர்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பல்லைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். பல் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே அதற்கான மாத்திரை போட வேண்டும். இல்லாவிட்டால் வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் ஏறி வால்வில் குடியேறிவிடும் என்றார். நான் மறக்கவில்லை. ஆனால், பல்லைப் பற்றித்தானே சொன்னார், அலகைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன்!

"பல்லு டொக்டர் ஊசியக் கண்டாலே ஓடுற ஆளு, அலகு குத்தப் போறாராம்" என்று மனைவி கிண்டல் செய்தாள். பிறகு கெஞ்சினாள். நான் அசையவில்லை.

ஆற்றங்கரையில் மேளம் முழங்க, ஈர வேட்டியோடு வரிசையில் நின்றேன். அலகு குத்துபவர் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவர், என்னைவிட இளையவர். நாக்கை நீட்டச் சொன்னவர், என் வெற்று நெஞ்சைப் பார்த்ததும் கையை இறக்கினார்.

"அண்ணே, இது வால்வு மாத்துன தையல்தானே?"

"ஆமா. அதுக்குத்தான் இந்த நேர்த்தி. குத்துங்க."

"மாட்டேன். எங்க மச்சானுக்கும் இதே தையல். சொத்தப் பல்ல அப்படியே விட்டு, கிருமி வால்வுல போய் ஒக்காந்துருச்சு. ஆறு கிழமை, ஒன்றர மாசம் ஊசி போட்டும் சரிவராம, மறுபடி நெஞ்சத் தொறந்தாங்க."

"சாமிக்குக் குடுத்த வாக்குங்க!"

"சாமி காப்பாத்திக் குடுத்த ஒடம்புல நான் ஓட்ட போடவா? பால்குடம் தூக்குங்க. நானும் கூட நடக்குறேன்."

அத்தனை பேர் முன்னால் எனக்கு அவமானம், ஆத்திரம். அவரோ அடுத்தவரிடம் போகாமல், கையிலிருந்த அலகை எலுமிச்சம்பழத்தில் செருகிவிட்டு, நான் குடத்தை எடுக்கும்வரை அங்கேயே நின்றார். எடுத்தேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். நாக்கில் துளை போட்டாலும் கிருமிக்கு அது திறந்த வாசல்தான் என்றார். அன்று வந்த பிடிவாதம் இன்னும் விடவில்லை. இரண்டு வேளை பல் துலக்காமல் இருப்பதில்லை. பல் டொக்டரின் கதிரையில் உட்காரும் முன்பே வால்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்தால் நானாக மருந்து விழுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

பிழைத்ததற்கு நன்றி சொல்ல ஒரு நாள் வலியைத் தாங்கினால் போதுமென்று நினைத்திருந்தேன்; தினமும் கவனமாக இருப்பது எவ்வளவு பெரிய விரதம் என்று இப்போது தெரிகிறது.