மஞ்சள் கவுன் அறிவிப்பு

அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களில் பாதிப்பேர் ஒரு தடவையாவது மைக்கம்மாவின் அறையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். கடலோரப் பொழுதுபோக்குப் பூங்காவில் தொலைந்துபோகும் குழந்தைகளை உட்காரவைக்கும் அறை அது. குதிரை ராட்டினத்துக்கும் டிக்கெட் கவுண்ட்டருக்கும் நடுவில் ஒரு தகரக் கூரை. உள்ளே பெஞ்சு, மேசை, மேசைமேல் மைக், அவ்வளவுதான். இன்றைக்கு நகரசபைத் தலைவராக இருக்கும் பெரிய மனிதரும் சின்ன வயதில் அந்தப் பெஞ்சை ஈரமாக்கியவர்தான். மைக்கம்மா அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. நானும் சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருந்தால்தானே.

தொலைந்த பிள்ளைகளை மைக்கில் அறிவித்து ஒப்படைக்கும் வேலைக்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். குழந்தையின் பெயரை மைக்கில் சொல்லவே மாட்டார். சொன்னால் எவன் வேண்டுமானாலும் வந்து அந்தப் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டு போய்விடலாமே. உடுப்பை மட்டும்தான் சொல்வார். "கோடு போட்ட சட்டை அணிந்த சிறுவன் இங்கே பத்திரமாக இருக்கிறான்." அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்களிடம், யாரைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று கேட்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லச் சொல்வார். பிள்ளை அவர்களைப் பார்த்ததும் தாவுகிறதா என்று கவனிப்பார். அதற்குப் பிறகுதான் ஒப்படைப்பார். ஒப்படைத்த கையோடு இரண்டாவது அறிவிப்பு வரும். "கோடு போட்ட சட்டை அணிந்த சிறுவனை அவனுடைய அம்மா வந்து அழைத்துச் சென்றுவிட்டார். தேடுகிறவர்கள் இனித் தேட வேண்டாம்." ஒரு பிள்ளை காணாமல் போனால் சித்தப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் என்று குடும்பமே சிதறி ஓடும். அவர்களுக்கும் சேதி போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டாவது அறிவிப்பில் அவருடைய குரல் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவர் குரல்போல் இருக்கும்.

அழுகிற பிள்ளைகள் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். "நான் தொலையல. எங்கம்மாதான் தொலைஞ்சுட்டாங்க." மைக்கம்மாவும் ஆமாம் என்று தலையாட்டி, அந்த அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்று தைரியம் சொல்வார்.

ஒரு கோடைகாலச் சாயங்காலம் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தையை யாரோ கொண்டுவந்து விட்டார்கள். பேச்சு திருந்தாத வயது. அது அழக்கூட இல்லை. மைக்கம்மா முதல் அறிவிப்பைச் சொன்னார், யாரும் வரவில்லை. பூங்காவை மூடுகிற நேரத்தில் மறுபடியும் சொன்னார், அப்போதும் வரவில்லை. போலீஸ், பத்திரிகை விளம்பரம், காப்பகம், கோர்ட்டு என்று எல்லாப் படியும் ஏறி இறங்கிய பிறகு, குழந்தை அவர் வீட்டுக்கே மகளாக வந்து சேர்ந்தது. தனிக்கட்டையாக இருந்தவரின் வீட்டில் கொடி நிறையக் குட்டிக் குட்டித் துணிகள் காய்ந்தன.

ஆனால் அந்த அறிவிப்பை மட்டும் அவர் விடவில்லை. தினமும் பூங்கா மூடுகிற நேரத்தில், "மஞ்சள் கவுன் அணிந்த பெண் குழந்தை இங்கே பத்திரமாக இருக்கிறாள். தேடி வருகிறவர்கள் அறைக்கு வரவும்." பெற்றவள் என்றைக்காவது தேடிக்கொண்டு வந்தால், தொலைத்த இடத்துக்குத்தானே முதலில் வருவாள்? அந்த நேரத்தில் இங்கே ஒரு குரல் இல்லாமல் போய்விட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? இதுதான் அவருடைய நியாயம். நியாயத்துக்குப் பின்னால் பயமும் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு வாசலைப் பார்ப்பார். யாரும் வரவில்லை என்றதும் நிம்மதியாக மூச்சு விடுவார். அப்படி விட்டதற்காக உடனே வெட்கப்படுவார்.

மகள் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'மஞ்சக் கவுனு' என்றே பட்டப்பெயர். பெரியவளாகி, பஸ் ஓட்டும் வேலைக்குப் போனாள். அவள் ஓட்டும் பஸ்ஸுக்குக் கடைசி நிறுத்தம் பூங்கா வாசல். அறிவிப்பு ஆரம்பிக்கிற நேரம் பார்த்து வண்டி வளைந்து வரும், நீளமாக ஒரு ஹாரன் கேட்கும். 'வந்துவிட்டேன்' என்று மகள் தனக்குச் சொல்கிறாள் என்று மைக்கம்மாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. ராட்டினக்காரரிடமும் டிக்கெட் கிழிப்பவரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

பூங்காவுக்கு வயதானது. உப்புக் காற்று முதலில் கண்ணாடி மண்டபத்தின் ரசத்தைத் தின்றது. பிறகு பெரிய சக்கரத்தின் ஆணிகளைத் தின்றது. ஜனங்கள் குளிர்சாதனக் கட்டடங்களில் பொழுதைப் போக்கப் பழகிவிட்டார்கள். கம்பங்களில் இருந்த ஒலிபெருக்கிகள் ஒவ்வொன்றாக ஊமையாயின. கடைசியில் முதலாளி கதவைப் பூட்டி, சாவியை மைக்கம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். மின்சாரத்தை வெட்டிய பிறகும் அவர் விடுவதாக இல்லை. பேட்டரியில் ஓடும் கை ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று தினமும் சொன்னார். கேட்க இருந்ததெல்லாம் கடற்பறவைகளும் பஸ் பயணிகளும்தான். மகள் ஹாரனை இன்னும் நீளமாக அடித்தாள்.

இடத்தை வாங்கி அடுக்குமாடி கட்ட ஒருவர் வந்தபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. அலைந்து திரிந்து, சண்டை போட்டு, பூங்காவைப் பாதுகாக்க ஒரு குழு அமைத்தார்கள். ராட்டினக் குதிரைகளுக்கு மரவேலையும் வர்ணப்பூச்சும் நடந்தன. சக்கரத்தைக் கழற்றிக் கோத்தார்கள். தகர அறையை மட்டும் இடித்துவிடலாம் என்று வரைபடத்தில் இருந்தது, அதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று கேட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, நான் அங்கே உட்கார்ந்து அழுதிருக்கிறேன் என்று சொன்னார்கள். நகரசபைத் தலைவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு கையைத் தூக்கினார். அறை பிழைத்தது.

குழு அதோடு நிற்கவில்லை. திறப்பு நாளில் மைக்கம்மா பழைய அறிவிப்பையே சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்து இனி தினமும் மூடும் நேரத்தில் போடுவோம் என்றது. ஊருக்கு அதுதான் பூங்காவின் குரலாம். தன் காலத்துக்குப் பிறகும் அந்தத் தாய்க்கு இங்கே ஒரு பதில் இருக்கும் என்று மைக்கம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னார். மகள் சாப்பிட்ட கையைத் தட்டிலேயே வைத்தாள்.

"வேண்டாம்மா."

ஏன் என்று கேட்டார்.

"நான் எதுக்கு ஹாரன் அடிக்கிறேன்னு நெனச்சுட்டு இருக்க?"

"வந்துட்டேன்னு என்கிட்ட சொல்றதுக்கு."

"நீ சொல்றது பஸ்ல இருக்கறவங்க காதுல விழக்கூடாதுன்னு." மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். "தெனமும் சாயங்காலம், யாராவது வந்து இவளக் கூட்டிட்டுப் போங்கன்னு ஊருக்கே சொல்றியேம்மா. இத்தன வருஷமா. இனிமே மெஷினு வேற சொல்லணுமா?"

 அந்தத் தாய் வந்தால் என்ன பண்ணுவாள் என்று மைக்கம்மா மெதுவாகக் கேட்டார். அவங்களுக்கு நீ சொன்னது போதும், எனக்கு ஒண்ணுமே சொன்னதில்லையே என்றாள் மகள். எழுந்து கை கழுவப் போனவள் நெடுநேரம் குழாயை மூடவில்லை. ஒரு தாய்க்கு உண்மையாக இருப்பதாக நினைத்து ஒரு பிள்ளையைத் தினமும் பெஞ்சிலேயே உட்காரவைத்திருக்கிறோம் என்பது மைக்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. 

திறப்பு நாளில் கூட்டம் அலைமோதியது. குதிரைகள் சுற்றின, சக்கரம் சுற்றியது. நாலைந்து பிள்ளைகள் முறைப்படி தொலைந்து, அழுது, கிடைத்தார்கள். மூடும் நேரம் வந்ததும் பதிவு செய்கிறவர் கருவியோடு வந்து நின்றார். ஜன்னல் வழியாகப் பஸ் வளைந்து வருவது தெரிந்தது. மைக்கம்மா மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். 

"மஞ்சள் கவுன் அணிந்த பெண் குழந்தை," என்று ஆரம்பித்ததுமே ஹாரன் எழுந்தது. அவர் நிறுத்திக் காத்திருந்தார். ஹாரனும் ஓய்ந்தது. திரும்ப முதலிலிருந்து சொன்னார்.

"மஞ்சள் கவுன் அணிந்த பெண் குழந்தையை அவளுடைய அம்மா வந்து அழைத்துச் சென்றுவிட்டார். ரொம்ப வருஷத்துக்கு முன்னாலேயே அழைத்துச் சென்றுவிட்டார். அறிவிக்கத்தான் தாமதமாகிவிட்டது. தேடுகிறவர்கள் இனித் தேட வேண்டாம்."

ஹாரன் வரவில்லை. பதிவு செய்கிறவர், பழையது இப்படி இல்லையே என்று இழுத்தார். மைக்கம்மா மைக்கை அணைத்துவிட்டு, இனிமேல் இதுதான் என்றார்.

வெளியே பஸ் வளைவிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் கத்த ஆரம்பித்தன. சற்று நேரத்தில் அறை வாசலில் மகள் வந்து நின்றாள், சீருடையோடு, முகமெல்லாம் ஈரமாக. மைக்கம்மா நிமிர்ந்து பார்த்தார். வாசலுக்கு வருகிறவர்களிடம் காலமெல்லாம் கேட்டதையே கேட்டார்.

"யாரத் தேடி வந்திருக்கீங்க?"

"எங்கம்மாவ," என்றாள் மகள். "சீக்கிரம் எந்திரிம்மா, வண்டி நடுரோட்டுல நிக்குது."