மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தவன்

தெய்வசிகாமணிக்குப் பேய் பயமும் கிடையாது, சாமி பயமும் கிடையாது. சாரம் என்கிற பேட்டையில் அவன் குடியிருந்த தெருவுக்கே இது தெரியும். பஞ்சாலையில் ஃபிட்டர் வேலை. வேலை முடிந்து டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தானென்றால், மனிதனுக்குள் உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்று யாரையாவது பிடித்துவைத்து நிரூபித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். அகப்படுகிறவர் பெரும்பாலும் ஒகுஸ்த். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, சைகோன் வரைக்கும் போய்வந்து, இப்போது பென்ஷனில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதவர். உடம்பு ஒரு வீடுதான், குடியிருக்கிறவன் வேறே என்பது அவர் கட்சி.

"சாராயம் குடிச்சா ஆளே மாறிப்போறானே அண்ணே, உங்க ஆத்மாவும் சேந்து குடிக்குதா?" என்று சிகாமணி கேட்பான். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒகுஸ்தும் சிரித்துவிட்டு, மறுநாள் வேறொரு பதிலோடு வருவார்.

இப்படிப் பேசுகிறவன் ரொம்ப இளகின மனசுக்காரன். தெருநாய் வண்டியில் அடிபட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. மகள் வரலட்சுமி காலில் முள் குத்தினால், அவள் அழுவதற்கு முன்னால் இவன் கண் கலங்கிவிடும். பெண்டாட்டி சொர்ணம் இதைச் சொல்லிக் கேலி செய்வாள்.

ஐம்பத்தேழாம் வருஷம் மழைக்காலத்தில் அவனுக்கு ஒரு வாடை வர ஆரம்பித்தது. மயிர் கருகுகிற வாடை. பக்கத்திலிருப்பவர்களைக் கேட்டால் இல்லையென்பார்கள். ஒருநாள் ஆலையில் தறிக்குப் பக்கத்தில் வெட்டு வந்து, கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய டாக்டர் நெற்றியைத் தொட்டுக் காட்டி, உள்ளே கட்டி இருக்கிறது, மண்டையைத் திறந்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு, எழுந்து போகிற சமயத்தில், ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். அதற்கப்புறம் சுபாவம் கொஞ்சம் மாறினாலும் மாறலாம்.

சொர்ணம் அந்தக் கடைசி வார்த்தையைக் காதில் வாங்கவே இல்லை. புருஷன் செத்துப்போய்விடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள். சிகாமணிக்குச் சாவு பெரிதாகத் தெரியவில்லை. செத்தால் ஒன்றுமில்லை என்று எத்தனையோ தடவை பேசியிருக்கிறான். அவனை ஆட்டி எடுத்தது வேறு பயம். கட்டிலிலிருந்து வேறொருத்தன் எழுந்திருப்பான். இவன் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பான். இவன் வீட்டுக்கு வந்து, இவன் பெண்ணைத் தூக்கிக்கொள்வான். மோசம் போனது யாருக்கும் தெரியாது. அந்த ஆளுக்கே தெரியாது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் படுக்கப் போவதற்கு முன்னால் ஒகுஸ்தின் வீட்டுக்குப் போனான். அவர் எதுவும் வாதாடவில்லை. காப்பி கொடுத்தார். கையில் டம்ளரை வைத்துக்கொண்டே சிகாமணி சொன்னான்:

"அண்ணே, நான் திரும்பி வந்தா, வந்தது நான்தானான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். சொர்ணம் சொல்ல மாட்டா. என்மேல பாவம் பாத்து மறைச்சிடுவா."

"ஆத்மாவைக் கத்தி தொடாது, சிகாமணி."

"அது உங்க கட்சி. என் கட்சிப்படி தொடும்."

ஒகுஸ்த் சரியென்று தலையாட்டினார். சிலுவை போட்டுக்கொண்டார். சிகாமணி அதைப் பார்த்தும் கிண்டல் செய்யவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மொட்டைத் தலையும் நெற்றிக்கு மேல் தையல் தழும்புமாக ஊர் திரும்பினான். விழித்த நாளிலிருந்தே தன்னைத் தானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லார் பெயரும் ஞாபகம் இருந்தது. தறியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டலாம் போலிருந்தது. வாடை போய்விட்டது. உள்ளேயிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

மறுபடி ஆலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம். சிகாமணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்; சொர்ணம் அடுத்த உலையின் கஞ்சியை வடித்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்த வரலட்சுமி சட்டியைத் தட்டிவிட்டாள். கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டியது. பெண் வீறிட்டாள். சிகாமணி இலையில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தான். சொர்ணம் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள், இன்னொருத்தர் போய் என்ன செய்வது என்று நினைத்தான். அது அவனுக்கு நியாயமாகவே பட்டது. குனிந்து சாப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து ரசம் கேட்டான்.

சொர்ணம் பெண்ணை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டால் பார்க்கிற பார்வை அது. அவன் கைச்சோறு அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு அவன் வீடு திரும்பும்போதெல்லாம் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினால், உள்ளே பேச்சு நின்று, கொஞ்சம் தாமதித்துத்தான் திறக்கும். அவன் அவர்களை ஒரு சொல் சொன்னதில்லை, கை ஓங்கினதில்லை. ஆனாலும் அவர்கள் பயந்தார்கள். வெளியே நின்று அந்தத் தாழ்ப்பாள் நகருகிற சத்தத்தைக் கேட்கும்போது அவனுக்கும் பயமாக இருந்தது, உள்ளே போகப்போகிறவன் யாரோ என்று.

கடைசியில் ஒகுஸ்திடம் போய், பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டான். அவர் முதலில் மழுப்பினார். உடம்பு தேறவில்லை, மருந்துச் சூடு, போகப்போகச் சரியாகும் என்றார். அவன் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தான்.

"உண்மையைச் சொல்றேன்," என்றார் ஒகுஸ்த் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ வந்து எதிர்ல உக்கார்றே. பேசறே. எனக்கென்னவோ சிகாமணி இன்னும் வரல, வருவான் வருவான்னு காத்துக்கிட்டிருக்கற மாதிரியே இருக்கு."

வாதத்தில் ஜெயித்தது அவன்தான். இத்தனை வருஷம் டீக்கடையில் சொன்னது அத்தனையும் சரியாகிவிட்டது.

"எனக்கும் தூக்கம் வர்றதில்ல," என்றார் ஒகுஸ்த். "இரக்கத்தைக் கத்தியால வெட்டி எடுக்க முடியும்னா, நாளைக்குச் சாமி முன்னால போய் நிக்கப்போறது எது? சாமியார்கிட்ட கேட்டேன். செபம் பண்ணச் சொல்றாரு. பண்றேன்."

சிகாமணி வீட்டுக்கு நடந்து வந்தான். தாழ்ப்பாள் திறந்ததும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று சொர்ணத்திடம் சொன்னான்: "எனக்குத் தெரிய மாட்டேங்குது சொர்ணம். முன்னெல்லாம் நான் என்ன பண்ணுவேன்னு நீ சொல்லு. சொன்னா பண்றேன்."

அவள் அழுதாள். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. நின்றான்.

அன்றிலிருந்து அவள் சொல்லிக்கொடுத்தாள். இழவு வீட்டுக்குப் போனால் முதலில் போய்க் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். குழந்தை விழுந்தால் ஓடுவீர்கள், தட்டு கவிழ்ந்தாலும் சரி. அவன் ஓடினான், கையைப் பிடித்தான். ஆலை வேலையைக் கற்றுக்கொண்ட மாதிரியே இதையும் கற்றுக்கொண்டான். தெருவில் பலபேருக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒகுஸ்துக்குத் தெரியும். அவர் வருவதை நிறுத்தவில்லை, ஆனால் வாதம் மட்டும் நின்றுபோயிற்று. இரண்டு பேரும் ஆலைச் சங்கதி, மழைச் சங்கதி பேசினார்கள். என்றைக்காவது ஒருநாள் கற்றது மறந்துபோய், பழையபடி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்போமோ என்ற பயம் மட்டும் சிகாமணியை விடவில்லை. ஆலையில், வழியில், சாப்பிடும்போது, எப்போதும் தன்னையே காவல் காத்துக்கொண்டிருந்தான்.

அறுபத்திரண்டில் வரலட்சுமிக்கு டைபாய்டு கண்டது. ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அவன் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இதைச் சொர்ணம் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் மாற்றி உட்காருகிறேன் என்றபோதும் எழுந்திருக்கவில்லை. பெண் பிதற்றினாள். அவன் ஈரத்துணி போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். நெஞ்சுக்குள் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டான். ஒன்றும் வரவில்லை. உட்கார்ந்தே இருந்தான். ஒருநாள் காலையில் காய்ச்சல் இறங்கி, பெண் கண் விழித்துக் கஞ்சி கேட்டாள்.

சிகாமணி எழுந்து பின்பக்கம் முகம் கழுவப் போனான். செம்பு கையில் நிற்காமல் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தன. பயந்துபோனான். மறுபடி வெட்டு வரப்போகிறதோ என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். வாடை இல்லை.

"சொர்ணம், இங்க வா," என்று கூப்பிட்டான். "இது என்னன்னு பாரு. எனக்குத் தெரியல."

அவள் வந்து அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியல," என்றாள். "செத்த நேரம் உக்காருங்க. நிக்கட்டும்."

அவன் உட்கார்ந்தான். நடுக்கம் சீக்கிரத்தில் நிற்கவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.