இரண்டாவதாகக் கண்டுபிடித்தவர்

கிள்ளானில் குடியிருக்கும் கமலநாதனுக்கு பிரிக்பீல்ட்ஸில்தான் வேலை. ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கார்களுக்குக் காப்புறுதி புதுப்பித்துக் கொடுப்பார். ஐம்பது வயதைத் தாண்டியும் அவர் தானாகக் கண்டுபிடித்தது என்று எதுவும் இருந்ததில்லை. ஊரார் காரையெல்லாம் பதிவு எண்ணோடு மனப்பாடமாக வைத்திருந்தவர், ஒரு முறை பேரங்காடியின் நிறுத்துமிடத்தில் தன் காரைத் தேடி அலைந்து, கடைசியில் காவலாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மாடி மாடியாகச் சுற்றியிருக்கிறார். இதைப் பிறர் சொல்லிச் சிரிக்கும் முன்பு தானே சொல்லிவிடுவார். அடுத்தவன் அடித்தால்தானே வலிக்கும்!

அப்படிப்பட்டவருக்கு விண்வெளி ஆசை வந்தது, வாடிக்கையாளர் யாரும் வராத ஒரு மத்தியானத்தில்தான். இணையத்தில் ஒரு தளம். வெறும் கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியில் வானத்தை எடுத்த படங்களை அது காட்டும். ஒரே இடத்தை ஆண்டுகள் இடைவிட்டு எடுத்த படங்கள் மாறி மாறி வரும். அவற்றில் எந்தப் புள்ளியாவது நகர்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கணினி தவறவிடுவதை மனிதக் கண் பிடித்துவிடுமாம். டெலஸ்கோப் வேண்டாம், படிப்பு வேண்டாம், இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவும் வேண்டாம். இந்தக் கடைசித் தகுதி தனக்கு நிறையவே இருப்பதாகக் கமலநாதனுக்குத் தோன்றியது.

பல வாரங்கள் ஒன்றும் நகரவில்லை. பிறகு ஒரு நாள், தொலைபேசி எண் மாதிரி நீளப் பெயர் வைத்த ஒரு விண்மீனுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. விண்மீன் நகர்ந்த பக்கமே அதுவும் நகர்ந்தது. கமலநாதன் திரையருகே மூக்கைக் கொண்டுபோனார். தூசியோ என்று சட்டை நுனியால் துடைத்தார். புள்ளி போகவில்லை. அந்த விண்மீனைப் பற்றித் தேடிப் படித்தார். பிறந்து இரண்டு கோடி ஆண்டுதான் ஆகிறதாம். விண்மீன் கணக்கில் அது பச்சைக் குழந்தை. அதன் ஒளி ஒரு நிலையில் நிற்காமல் கூடுவதும் குறைவதுமாக இருக்குமாம். பக்கத்துப் புள்ளி, விண்மீன் ஆகும் அளவுக்கு எடை சேராமல் பாதியில் நின்றுபோன ஒன்றாக இருக்க வேண்டும். அத்தகையதற்குப் பழுப்புக் குறுமீன் என்று பெயர்.

உடனே விவரங்களை அனுப்பினார். அடுத்த நொடியே பதில் வந்தது: "உங்கள் பங்களிப்புக்கு நன்றி. இது முக்கியமானதாக இருக்கலாம்." எல்லாருக்கும் இயந்திரம் அனுப்பும் பதில் அது. கமலநாதனோ அதைக் கைப்பட எழுதிய சான்றிதழாகவே எடுத்துக்கொண்டு, தன் தாமான் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்.

சாயங்காலம் அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி வளர்ந்திருந்தது. மனைவி தாமரை கதவைத் திறந்தபடியே போனை நீட்டினாள்.

"என்னங்க, புது சூரியனைக் கண்டுபிடிச்சிட்டீங்களாமே? ஜொகூர்ல இருந்து எங்க அண்ணி கேக்குறாங்க."

"சூரியன் இல்ல தாமரை. சூரியனாகாம போன ஒண்ணு."

"அப்படிப் போடலியே இதுல."

திருத்தி எழுத வேண்டும் என்றுதான் கமலநாதன் நினைத்தார். ஆனால் குழுவில் கைகூப்பும் படங்களும் மாலைப் படங்களும் குவிந்துகொண்டிருந்தன. நல்ல பெயர் வரும் நேரத்தில் குறுக்கே நிற்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்குப் பாராட்டு விழா என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மறுநாளே வந்து நின்றார். ஞாயிறு காலை, பாலாய் ராயா பொது மண்டபம், பொன்னாடை, சாப்பாடு. எல்லாம் முடிவாகிவிட்டது.

"அறிவியல் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் மேடையில வேணும் கமலு. அப்பத்தான் வெயிட்டா இருக்கும்."

அதற்கும் கமலநாதனிடம் ஆள் இருந்தது. டாக்டர் லத்தீஃபா, பல்கலைக்கழகம் ஒன்றில் வானியல் விரிவுரையாளர். அவருடைய மைவி காருக்கு ஆண்டுதோறும் காப்புறுதி எடுத்துக் கொடுப்பது இவர்தான். கூப்பிட்டதும் அவர் வருவதாகச் சொன்னார். விண்மீனின் எண்ணை மட்டும் அனுப்பச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் லத்தீஃபாவே பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டார். இருவரும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். ரசம் வரும்வரை அந்தப் பெண் காரைப் பற்றியே பேசினார்.

"அங்கிள், நீங்க பாத்தது நிஜம்தான். அது பழுப்புக் குறுமீன்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவருடைய வார்த்தையையே இவர் முந்திக்கொண்டு சொன்னார்.

"ஆனா அது ஏற்கனவே தெரிஞ்சது அங்கிள். சிலி நாட்டு மலையில பெரிய டெலஸ்கோப் வச்சுப் பாத்து எழுதிட்டாங்க."

"எப்போ? போன மாசமா?"

"நான் ஸ்கூல் முடிச்ச வருஷம்."

கமலநாதன் இலையைப் பார்த்தார். லத்தீஃபா மெதுவாகக் கேட்டார்: "அந்தத் தளத்துல வழிமுறைப் பக்கம் ஒண்ணு இருக்குமே. அனுப்புறதுக்கு முன்னாடி பழைய பட்டியல்ல இருக்கான்னு பாக்கணும்னு போட்டிருப்பாங்க. படிச்சீங்களா?"

படிக்கவில்லை. வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம், "பொடி எழுத்தைப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க லா" என்று ஆள்காட்டி விரலை ஆட்டிச் சொல்லும் கமலநாதன், முதல் பக்கத்தின் பெரிய எழுத்தைக்கூடப் படிக்கவில்லை. துக்கத்தில் சோறு இறங்காது என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவருக்கு இறங்கியது. பாயசம்கூட இரண்டாம் முறை வாங்கினார்.

கடையை விட்டு வெளியே வந்ததும் தலைவரைக் கூப்பிட்டார்.

"தலைவரே, விழாவை நிறுத்திடலாம். அது முன்னாடியே தெரிஞ்ச சமாச்சாரமாம்."

"யாருக்குத் தெரியும்?"

"விஞ்ஞானிகளுக்கு."

"நம்ம தாமான்ல யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன லா? கோழிக்குச் சொல்லியாச்சு, பேனர் அடிச்சாச்சு. ஞாயித்துக்கிழம வேட்டி கட்டிட்டு வந்து நில்லு."

சனிக்கிழமை முழுக்கக் கமலநாதன் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் மனைவியிடம் போனார். "ஜுரம்னு சொல்லிப் படுத்துக்கவா?"

தாமரை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "போன வருஷம் என் தம்பி வீட்டு விசேஷத்துக்கும் இதே ஜுரம்தான். மேடையில ஏறி உள்ளதச் சொல்லிடுங்க. ரெண்டு நிமிஷம் மானம் போகும். அப்புறம் சாப்பாடு."

"சிரிப்பாங்களே."

"இத்தன வருஷமா நீங்களா சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைக்கல? இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

இதுவரை தன்னைத் தானே கேலி செய்ததெல்லாம் வலிக்காத இடமாகப் பார்த்துத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கார் தொலைந்ததில் யாருக்கும் வலிக்காது. இதில் வலித்தது.

மண்டப வாசலில் பேனர் தொங்கியது. 'விண்மீன் வேந்தர்' என்ற எழுத்துக்குக் கீழே கடப்பிதழின் பாஸ்போர்ட் படத்திலிருந்து ஊதிப் பெரிதாக்கிய கமலநாதனின் முகம், திருடனைப் போல விழித்தது. அச்சுக்கடைக்காரர் கையில் அகப்பட்ட வானத்துப் படம் ஒன்றே ஒன்றுதான் போலும். தலைக்குப் பின்னால் வளையத்தோடு சனிக் கிரகத்தை வைத்திருந்தார். அதன் கீழே நின்று பக்கத்து வீட்டு வீரம்மா ஆன்டி தாமரையிடம் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்: "ஏம்மா, போயும் போயும் சனியையா தலைக்கு மேல வைக்கறது? எள்ளு விளக்காவது போட்டுடு."

பொன்னாடை போர்த்திய கையோடு மைக்கைக் கொடுத்தார்கள். கமலநாதன் தொண்டையைச் செருமினார்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் சொல்லணும். இதை நான் கண்டுபிடிக்கல. எனக்கு முன்னாடியே பெரியவங்க கண்டுபிடிச்சிட்டாங்க."

கைதட்டல் எழுந்தது.

"இல்ல, நிஜமாவே நான் இல்ல."

இன்னும் பலமாகத் தட்டினார்கள். "பாருங்க, என்ன தன்னடக்கம்!" என்று தலைவர் பக்கத்து மைக்கில் உருகினார். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமலநாதன் குரலை உயர்த்தினார். "ஐயா, நான் வழிமுறைப் பக்கத்தையே படிக்கல! படிக்காம அனுப்பிட்டேன்!" பள்ளிக்கூடப் படிப்பில்லாமலே சாதித்தவர் என்று அதை எடுத்துக்கொண்ட பின்வரிசை விசில் அடித்தது. உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டதுண்டு. உண்மையைச் சொல்லியும் மாட்டிக்கொள்ள முடியாமல் நின்ற முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். பிறகு, பழைய பட்டியலைப் பார்க்காமல் இதையும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார்.

லத்தீஃபா எழுந்து பொறுமையாக விளக்கினார். அது ஒரு பெரிய விண்மீனோடு கூடவே போகும், ஆனால் அதைப் போல எரியாத சின்னப் பொருள். முதலில் கண்டவர்கள் வேறு நாட்டவர்கள், கமலநாதன் அங்கிள் தெரியாமலே அதைத் திரும்பக் கண்டவர். ஒருவர் கண்ட அதே பொருளை இன்னொருவர் தனியாகக் காண்பதும் கண் சரியாக இருப்பதற்கு அடையாளம்தான். வீரம்மா ஆன்டி கையைத் தூக்கினார்.

"அந்தச் சின்னது எரியாதுன்னா அங்க என்னதான்மா பண்ணுது?"

லத்தீஃபா கமலநாதனைக் கைகாட்டினார். அவர் யோசித்தார். பெரிதாக்கிச் சொல்ல எதுவும் மிச்சமில்லாததால் உள்ளதையே சொன்னார்.

"ஒண்ணும் பண்ணாது ஆன்டி. பிறந்தப்ப இருந்த சூடு கொஞ்சம் இருக்கு. அது மெதுவா ஆறிட்டே இருக்கும். பெரியது கூடவே போகும், அவ்வளவுதான்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரியா?"

மண்டபம் அதிர்ந்தது. வீட்டுக்காரர் அய்யாவு அங்கிள் சாப்பாடு எப்போது என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கமலநாதனும் சிரித்தார். அன்றைக்கு அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பதில் அவருக்குச் சின்ன ஏமாற்றம்கூட.

கோழிப் பிரட்டல் நன்றாக இருந்தது. கைகழுவும் இடத்தில் இரண்டு பேர் தங்கள் காரின் காப்புறுதியைப் பற்றி விசாரித்தார்கள். விண்ணைக் கண்டவர் பிரிமியத்தையும் குறைத்துக் கொடுப்பார் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

கமலநாதன் வழிமுறைப் பக்கத்தை ஒருவழியாகப் படித்தார். பட்டியலைச் சரிபார்க்கவும் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அனுப்பியவற்றில் ஒன்று படமெடுத்த கருவிக்குள் சிதறிய ஒளி, இன்னொன்று எங்கோ வெகு தொலைவில் கிடந்த ஒரு விண்மீன் கூட்டம். இப்போது ஒரு புள்ளி இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லை. லத்தீஃபாவும் பார்த்துவிட்டு, "இருக்கலாம் அங்கிள், பொறுங்க" என்றிருக்கிறார். முடிவு தெரியும்வரை இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று, காப்புறுதி எடுக்க வருகிற எல்லாரிடமும் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.