சொல்லாமல் விட்ட வாக்கியம்

"நிமிர்ந்தா காலு மரத்துப் போகுது, குனிஞ்சா சரியாயிடுது. இதைச் சொல்லும்மா," என்றார் அப்பா.

அவர் மொழி மருத்துவருக்குத் தெரியாது. மருத்துவரின் மொழி அவருக்குத் தெரியாது. இரண்டிலும் படித்த மகள் நடுவில் உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொன்னாள்.

மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் பாதை இடுப்புப் பக்கம் குறுகிவிட்டது. நிமிர்ந்தால் இன்னும் நெருக்குகிறது, குனிந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கிறது என்றார்.

அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "அதான் வண்டி தள்ளுறப்ப வலிக்கலையா! இத்தனை வருஷமா நான்தான் அதைத் தள்ளுறேன்னு நினைச்சேன். அதுதான் என்னைத் தாங்கிக்கிட்டு இருந்திருக்கு!"

ஓட்டலின் சலவைப் பிரிவில் அழுக்கு விரிப்புகளை வண்டியில் தள்ளிவருவது அவர் வேலை. அதன்மேல் கவிழ்ந்தபடி நடைவழியில் வருகிறவருக்கு அங்கே 'இன்ஜின்' என்று பெயர். வண்டியை விட்டால் இருபதடிக்கு ஒருமுறை குந்திவிடுவார்.

முதலில் பயிற்சியும் மாத்திரையும், அப்புறம் முதுகில் ஊசி, எதுவும் கேட்காவிட்டால் ஆபரேஷன். எல்லாவற்றையும் அவள் சொன்னாள்.

கடைசியில் மருத்துவர் பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார். தொடை இடுக்கும் உட்காரும் இடமும் மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரோ மலமோ தன்னையறியாமல் கழிந்தாலோ, ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது, உடனே வரவேண்டும்.

அவள் காது சூடேறியது. அந்த வார்த்தைகளை அவள் அப்பாவிடம் பேசியதே இல்லை.

"என்னம்மா சொல்றாரு?"

"ரொம்ப முடியலைன்னா உடனே வரச் சொல்றாருப்பா."

"எப்பதான் முடிஞ்சுது?" என்று அவர் சிரித்தார்.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று அதுவும் தள்ளிப்போனது.

இரண்டு மாதம் கழித்து, அப்பா தன் கால்சட்டைகளைத் தானே துவைக்க ஆரம்பித்தார்.

"வீட்டுலயும் ஓவர்டைமா?" என்று அம்மா கிண்டல் செய்தாள்.

"தொழில் மறந்துடக் கூடாதுல்ல."

அவை தன்னையறியாமல் நனைவதை நான்கு நாள் அப்படி மறைத்தார். ஐந்தாம் நாள் கழிவறையிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அன்றே ஆபரேஷன் நடந்தது. எலும்பைச் செதுக்கி நரம்புக்கு வழிவிட்டார்கள். ஆனால் நாள்கணக்கில் நசுங்கிக் கிடந்த நரம்பு திரும்ப உயிர்பெறும் என்று யாரும் சொல்லவில்லை.

"முதல் நாளே வந்திருந்தா நடந்திருப்பேனான்னு கேளும்மா."

கேட்டாள். மருத்துவர் சொன்னதில் இந்தமுறை ஒரு எழுத்தையும் அவள் குறைக்கவில்லை.

"நடந்திருக்க வாய்ப்பு இருந்துச்சாம்பா. அதனாலதான் அன்னைக்கே அவ்வளவு தெளிவாச் சொன்னேன்னு சொல்றாரு."

அப்பா மருத்துவரைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது தினமும் காலையில் அப்பாவுக்கு மாட்டியிருக்கும் சிறுநீர் சேரும் பையை மாற்றுவது அவள்தான். மாற்றி முடிக்கும்வரை அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வெட்கப்பட்டு அவள் விழுங்கிய அத்தனையும் இப்போது அவள் கையில் இருக்கிறது.

பையைக் கழுவும்போதெல்லாம் முதன்முதலாக ஆஸ்பத்திரிக்குப் போன நாள் நினைவுக்கு வரும். மருத்துவரின் அறைக் கதவைத் திறந்து அவர்களைக் கூப்பிட்டபோது, அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் பயந்துடுவேன்னு எதையும் விட்டுடாதம்மா. அவர் சொல்றதை அப்படியே சொல்லு."