இனிஷியல் போட்ட பில்லெட்

முரளி, செல்வி, ரெண்டு பேரும் இதைப் படித்துவிட்டு என்னைக் கிண்டல் செய்வீர்கள், தெரியும். செய்யுங்கள். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுச் செய்யுங்கள். பேய், காற்று, கருப்பு என்று யார் சொன்னாலும் "போய் வேலையப் பாருய்யா" என்று சொல்கிற ஆள் உங்கள் அப்பன். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் இருபது வருஷம் நெருப்புக்கு முன்னால் நின்றவன். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்தால்கூட, எவனாவது வழுக்கி விழப் போகிறான், சீக்கிரம் கூட்டித் தள்ளு என்பதுதான் என் பக்தி. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது.

முரளி இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வருஷம். செல்வி அப்போது எட்டாவது, அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. விடியும் முன்னே பைபாஸில் காலேஜ் பஸ், திருவள்ளூர் பக்கம் காலேஜ். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை, வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தான். டிராயிங்தான் அவனை உடைத்தது. பெரிய ஷீட்டைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போவான், திரும்பி வரும்போது முகம் செத்திருக்கும். ஒருநாள் அந்த டிராயிங் சார் மொத்த வகுப்புக்கும் முன்னால் ஷீட்டை ரெண்டாகக் கிழித்து, "உங்கப்பன் கம்பி கம்பெனிதானடா? நீயும் போய்க் கம்பி தூக்கு. கோடு உனக்கு இன்னாத்துக்கு?" என்று கேட்டிருக்கிறார். அறுபது பிள்ளைகளும் சிரித்திருக்கின்றன.

அன்றைக்கு முரளி சாப்பிடவில்லை. "நைனா, நானும் உன்கூட மில்லுக்கே வந்துர்றேன்"னு சொன்னான்.

அந்த வார்த்தை எனக்குள் எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத்தான் தெரியும். என் கையில் இருக்கிற தழும்பெல்லாம் எதற்காக? அவன் கையில் ஒன்றுகூட விழக்கூடாது என்றுதானே.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. பில்லெட் என்றால் ஆள் நீளத்துக்கும் மேலே இருக்கிற இரும்புக் கட்டை. அதை உலைக்குள் தள்ளிப் பழுக்க வைத்துத்தான் கம்பியாக இழுப்போம். உள்ளே தள்ளும் முன் அதன்மேல் சாக்பீஸால் நம்பர் எழுதுவோம். அந்தச் சாக்பீஸாலேயே, பிடிக்காத ஆள் பேரையும் எழுதித் தள்ளுவோம். மச்சான், சூப்பர்வைசர், பொண்டாட்டியின் அண்ணன், எல்லாரும் எத்தனையோ தடவை உலைக்குள் போயிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சும்மா மனசு ஆற. ஆனால் அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. என்கூட உலை வாசலில் நிற்கிற சுப்பையா அண்ணன் புது ஆளுங்களுக்கெல்லாம் அதைச் சொல்வார்.

மறுநாள் மத்தியானம் நான் சாக்பீஸ் எடுத்ததும் பார்த்துவிட்டார்.

"யாருடா இன்னிக்கு?"

"எம்புள்ளயோட வாத்தி."

"எழுதிக்கோ. இனிஷியல் மட்டும் போடாதடா. பேரு அந்தாளு. இனிஷியலு அவங்கப்பன். அவரு உன்ன இன்னா பண்ணாரு?"

"அவன் மட்டும் எம்புள்ளயாண்ட பேசறப்போ அப்பன இஸ்த்தானே?"

"அட பேஜாரு புடிச்சவனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

முரளி நோட்டில் ஒட்டியிருந்த டைம்டேபிளில் பேரைப் பார்த்து வைத்திருந்தேன். 'ஜி. செந்தில்' என்று அழுத்தி எழுதினேன். 'ஜி' மேல் ரெண்டு தடவை எழுதினேன். அதுதான் அன்றைக்குக் கடைசி பில்லெட், உள்ளே போனது.

நம்பினால் நம்புங்கள். அந்த நெருப்பில் சாக்பீஸ் எழுத்து நிற்கவே நிற்காது, இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட நின்றதில்லை. அந்தக் கட்டை சிவந்து வெளியே வந்தபோது 'செந்தில்' இல்லை. 'ஜி' மட்டும் இருந்தது, வெள்ளை வெளேரென்று, நான் ரெண்டு தடவை அழுத்தினது அழுத்தினபடி. சுப்பையா அண்ணனும் பார்த்தார். கட்டை உருளைக்குள் போய்க் கம்பியாக நீண்டுவிட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் முரளி வந்து சொன்னான். "டிராயிங் சார் வரல நைனா. அவங்கப்பாவுக்கு நேத்து கை வெந்துடிச்சாம்."

"எப்படிடா?"

"அதான் தெர்ல. பொன்னேரில ஊட்ல உக்காந்து டிவி பாத்துகினு இருந்தாராம். அடுப்பாண்டயே போகலயாம்."

பெற்ற பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. அந்த நிமிஷம் எனக்குப் பயம் வரவில்லை. 'நல்லா வேணும்' என்றுதான் தோன்றியது. ரெண்டு தோசை கூடவே சாப்பிட்டேன். தூக்கமும் நன்றாக வந்தது.

பத்து நாள் கழித்து அந்த சார் திரும்பி வந்தார். வேறு ஆளாக வந்தார் என்று முரளி சொன்னான். ஷீட்டைக் கிழிக்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போடுகிற டிராஃப்டரை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தாராம். அதற்கப்புறம் முரளி மில் பேச்சு எடுக்கவே இல்லை. கோடும் நேரானது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "பாவம் நைனா அவங்கப்பா. புண்ணு ஆறிப்போச்சு, ஆனா இன்னும் எரியுது எரியுதுன்னு பக்கெட்டு தண்ணில கைய வெச்சுகினே உக்காந்துகினு இருக்காராம். ராவெல்லாம் அழுவுறாராம். டாக்டருக்கே ஒண்ணும் புரியலயாம்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அந்தப் பெரியவர் என்னை என்ன செய்தார்?

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பிக் கட்டுகள் அடுக்கியிருக்கிற யார்டுக்குப் போனேன். ஐப்பசி மழை ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. எல்லாக் கட்டும் நனைந்து துருவேறிக் கிடந்தது. மூலையில் ஒரு கட்டு மட்டும் காய்ந்திருந்தது. அதில் கட்டியிருந்த தகட்டில் நம்பர் பார்த்தேன், அந்தக் கடைசி பில்லெட்டுடையதுதான். கை வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இழுத்து மூன்று வாரம் ஆன கம்பி, இப்போதுதான் உருளையிலிருந்து வந்ததுபோல் சுட்டது.

அடுத்த நாள் காலையில் லாரி வந்து அந்தக் கம்பிக் கட்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எந்த ஊரில், யார் தலைக்குமேல் தளமாக இருக்கிறதோ. புது வீட்டுக்குள் போனால் இன்றைக்கும் நான் சுவரைத் தொடுவதில்லை. அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று முரளியிடம் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. பதில் எதுவாக இருந்தாலும் எனக்குத் தாங்காது.

ஆனால் லாரி வருவதற்கு முன்னால், நான் கை வைத்த அன்று சாயங்காலம், யார்டில் வேறு யாரும் இல்லை. குடிக்கிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்தக் கட்டின்மேல் மெதுவாக ஊற்றினேன். சொய்யென்று ஆவி எழுந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், பேர் தெரியவில்லை. குழாயில் மறுபடி மறுபடி பிடித்துவந்து, "ஜி ஐயா, ஜி ஐயா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஊற்றினேன்.