மஃரிப் நேரத்து ஸலாம்

கௌசிகா தம்பலகாமத்துக்காரி. வாய் ஓயாது, பேய் என்றால் நடுங்குவாள். தனித்துப்போன முதியவர்கள் தங்கள் வீட்டிலேயே வாழ உதவுவது அவள் வேலை. வேலைக்காரி என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று அவர்களுக்கு நல்ல ஏச்சு விழும். நான் சமைத்துக் கொடுப்பவள் இல்லை, சமைக்கப் பழக்குகிறவள் என்பாள்.

குறிஞ்சாக்கேணி முத்தலிப்புக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. ஆனாலும் வீட்டை விட்டு அசையமாட்டேன் என்று நின்றார். கௌசிகா அறையிலிருந்து கிணற்றடி வரை கயிறு கட்டினாள். தடவி அறிய அடுப்புத் திருகில் நூல் சுற்றினாள். தேங்காய் துருவக்கூடப் பழக்கினாள். விரலைக் கிழித்துக்கொண்டார்தான், ஆனால் தன் கையால் போட்ட சம்பலைச் சாப்பிட்டார். அவள் சொல்வதை அவர் மறுத்துக் கேட்டதில்லை. அடுப்பு அணைந்துவிட்டது என்றால் அணைந்துவிட்டதுதான். கண் இல்லாதவர் வேறு எப்படி வாழ்வது?

அந்தியில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்ததும் மட்டும் ஒன்று நடக்கும். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று பதில் ஸலாம் சொல்வார். வாசலில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். முதல் தடவை கௌசிகா பேய் என்று அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவர் மனைவி அசனா, சுனாமி வந்த காலையில் கடற்கரைப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனவள். அடக்கம் பண்ண ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. வெளியே போய்வந்தால் ஸலாம் சொல்லிக்கொண்டே நுழைவது அவள் வழக்கம். இப்போதும் சொல்கிறாளாம்.

"ஸலாம் சொன்னா பதில் சொல்லோணும், மகள். நான் போயிட்டா அவக்கு ஆரு சொல்ற?"

கொழும்பிலிருக்கும் மகன் றுவைஸின் காதில் இது விழுந்தால் போச்சு. வாப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அன்றைக்கே வாகனத்தில் ஏற்றிவிடுவான். நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகளிடமிருந்து பெற்றோரைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

போன வருடம் அவன் வந்தான். கயிற்றை இழுத்துப் பார்த்தான். வாப்பா போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்தான். முகம் தெளிந்தது. பாங்கு ஓய்ந்தது. முத்தலிப் வாசல் பக்கம் திரும்பிப் பதில் ஸலாம் சொன்னார்.

ஆருக்கு வாப்பா சொல்கிறீர்கள் என்று கேட்ட றுவைஸின் குரல் மாறிவிட்டது.

முற்றத்துக் கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த கௌசிகா யோசிக்கவில்லை. வாசலுக்கு வந்து நின்றாள். "நான்தான் தம்பி சொன்னனான். உள்ளுக்கு வரேக்க மெல்லமாச் சொல்லுவன். இந்த வீட்டில பழகிப்போச்சு."

றுவைஸ் சிரித்தான். முத்தலிப் சிரிக்கவில்லை.

"மத்த நாளும் நீங்கதானா, மகள்?"

மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இல்லை என்றால் வீடு போய்விடும்.

"ஓம் ஐயா."

றுவைஸ் நிம்மதியாகக் கொழும்புக்குத் திரும்பினான். அவன் போனதும் கௌசிகா கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, ஸலாம் சொன்னது நானில்லை, பொய் சொல்லிவிட்டேன் என்று அழுதாள். முத்தலிப் அவளைத் தேற்றினார். என் மனம் நோகக்கூடாது என்று இப்போது இப்படிச் சொல்கிறீர்கள் என்றார். அவள் எத்தனை சத்தியம் பண்ணியும் அவர் நம்பவில்லை.

அதன்பிறகு பாங்கு ஓயும். அவர் முகம் வாசல் பக்கம் திரும்பாது. கௌசிகாதான் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பேய்க்கு நடுங்குகிறவள், ஒரு தரம் வந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போ அசனா அக்கா என்று வாய்க்குள் கெஞ்சினாள். ஒன்றும் கேட்கவில்லை. முன்பு பயந்ததைவிட இப்போதுதான் அந்த வீட்டில் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் முத்தலிப் தொலைபேசியைத் தடவி எடுத்தார். மகனுக்கு எடுக்கும் விதத்தை அவள்தான் பழக்கியிருந்தாள்.

"வந்து கூட்டிப் போங்க, மகன். இஞ்ச எனக்கு ஒருத்தரும் இல்ல."

கௌசிகா பக்கத்தில்தான் நின்றாள்.