வலையில் வந்த சீலை

யாழ்ப்பாணத்து வடகரை. முழங்கால் தண்ணீரில் நிற்கிற வள்ளத்தில் நடேசண்ணை வலை உதறிக்கொண்டிருக்கிறார். மீன் குறைவு. வலைக்குள் ஒரு பச்சைச் சீலை சுருண்டு கிடக்கிறது. பாசி பிடித்திருந்தாலும் அதன் கரை கடையில் வாங்கிய அன்றுபோல மினுங்குகிறது.

"ஆரின்ரை சீலை அண்ணை?" என்று கரையில் நின்று கேட்கிறேன்.

"ஆரோ செத்த மனுசியின்ரை, தங்கச்சி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிய உடுப்பைக் கடலிலை விடுறவை. முந்தி எல்லாம் பருத்தி, கெதியா உக்கிப்போடும். இது பொலியெஸ்டர். எங்கை உக்கப்போகுது?"

நான் உடுத்திருப்பதும் அதே துணிதான்.

பின்னிக் கிடக்கும் சீலையை எடுக்க அவர் வலையை அறுக்கிறார்.

"கரையிலை போட்டு எரிக்கலாமே?"

"செத்தவையின்ரை உடுப்பு கரையேறக் கூடாது. வீட்டிலை பிள்ளையள் இருக்குதுகள்."

சீலையை வள்ளத்திலேயே வைத்து ஆழத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்புகிறார். கரையில் குந்தியிருந்து அறுந்த வலையைப் பொத்தத் தொடங்குகிறார்.

"நாளைக்கு எங்கை வலை போடுவியள்?" என்று கேட்கிறேன்.

நிமிராமல், இப்போது போய்வந்த திசையைக் கையால் காட்டுகிறார்.